டயர்க் கடையின் பழைய ஈயத்தை உருக்கித் தூண்டில் குண்டு வார்க்கலாமா?

ஜெலுத்தோங் தூண்டில்காரர்:

அன்பர்கள் அனைவருக்கும் வணக்கம். விடுமுறை நாள்களில் பத்து மாவுங்கிலிருந்து படகெடுத்து, பினாங்கின் இரண்டாம் பாலத்துப் பக்கமாகக் கொடுவாவுக்கும் திருக்கைக்கும் தூண்டில் போடும் கூட்டத்தில் நானும் ஒருவன். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாள்களில் அங்கே நீரோட்டம் எவ்வளவு வலுவாக இருக்கும் என்பது போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கனமான குண்டு கட்டாவிட்டால் இரை தரையைத் தொடுவதே இல்லை. கட்டினாலோ, அடியில் கிடக்கும் பாறையிலும் பழைய வலையிலும் சிக்கி அறுந்துபோகிறது. கடையில் வாங்கும் குண்டுகளுக்குச் செலவழித்து மாளவில்லை.

என் அக்காள் மகன் டயர்க் கடை வைத்திருக்கிறான். சக்கரத்தைச் சமன்செய்யும்போது கழற்றிப் போடும் பழைய எடைத் துண்டுகள் அவன் கடையில் ஒரு வாளி நிறையச் சேர்ந்திருக்கின்றன. வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள் மாமா என்கிறான். இரண்டு பழைய கார் பேட்டரிகளும் கிடக்கின்றன. இவற்றை வீட்டின் பின்புறச் சமையற்கட்டில் எரிவாயு அடுப்பில் வைத்து உருக்கி, பிளாஸ்டர் அச்சில் ஊற்றிக் குண்டு வார்க்கலாம் என்று எண்ணுகிறேன். பழைய அலுமினியச் சட்டி ஒன்று வீட்டில் சும்மா இருக்கிறது. மூன்று வயதுப் பேரன் எங்களுடன் இருப்பதால் இறங்குவதற்கு முன் கேட்டுக்கொள்வது நல்லது என்று தோன்றியது. செய்து பழகியவர்கள் சொல்லுங்கள்.

பட்டர்வொர்த் பட்டறை:

வணக்கம் ஐயா. உலோக வார்ப்புப் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் கடிதத்தில் மூன்று பொருள்களை இப்போதே ஒதுக்கிவிட வேண்டும்: பேட்டரி, அலுமினியச் சட்டி, பிளாஸ்டர் அச்சு. நான்காவதாகச் சமையற்கட்டையும் சேர்க்கலாம். அதைப் பற்றி வேறு யாராவது என்னைவிடத் தெளிவாகச் சொல்வார்கள்.

பேட்டரியில் இருப்பது வெறும் ஈயம் அன்று. தகடுகளில் ஈய ஆக்சைடும் ஈய சல்பேட்டும் படிந்திருக்கும். கந்தக அமிலம் ஊறியிருக்கும். தகட்டின் கலவையில் கால்சியமோ ஆண்டிமனியோ ஆர்சனிக்கோ சேர்ந்திருக்கும். அதை உருக்கி எடுத்த கசடு ஈரம் பட்டால் ஆர்சைன், ஸ்டிபைன் என்னும் கொடிய வாயுக்கள் கிளம்பக்கூடும். இத்தனைக்கும் பிறகு கிடைக்கும் ஈயத்தின் அளவோ சொற்பம். சட்டப்படியும் அது ஆகாது. கேடு தரும் கழிவுகளைப் பட்டியலிடும் மலேசியாவின் 2005ஆம் ஆண்டு அட்டவணைக் கழிவு விதிமுறைகளில் ஈய அமில பேட்டரிக்கு எஸ்டபிள்யூ 102 என்று தனிக் குறியீடே இருக்கிறது. பழைய பேட்டரியை விற்ற கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள், அதற்கு விலையும் தருவார்கள்.

அலுமினியம் 660 பாகை செல்சியசில்தான் உருகும், ஈயம் 327 பாகையிலேயே உருகிவிடும், பிறகென்ன என்று தோன்றும். ஆனால் அந்தச் சூட்டில் அலுமினியம் தன் வலுவை இழந்துவிடுகிறது. ஒரு லிட்டர் கொள்ளும் சட்டியில் ஈயத்தை நிரப்பினால் 11 கிலோவுக்கு மேல் எடை. கைப்பிடி பிடுங்கிக்கொண்டாலோ அடி இளகினாலோ அத்தனையும் காலில்தான் கொட்டும். அடி தடித்த எவர்சில்வர் பாத்திரமோ வார்ப்பிரும்புப் பாத்திரமோ எடுத்துக்கொள்ளுங்கள்; அது மறுபடியும் சமையலுக்குத் திரும்பக் கூடாது.

பிளாஸ்டர் அச்சை வெயிலில் எவ்வளவு காய வைத்தாலும் அதற்குள் நீர் இருக்கும். ஈரம் காய்ந்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் பிளாஸ்டர் என்பது இறுகிய ஜிப்சம்; அதன் படிகத்திலேயே நீர் பிணைந்திருக்கிறது, அதில் பெரும்பகுதி வெளியேற ஏறத்தாழ 150 பாகைச் சூடு வேண்டும். 350 பாகையில் உள்ள ஈயத்தை அதில் ஊற்றும்போது அந்த நீர் ஒரே நொடியில் ஆவியாகிறது. நீர் ஆவியானால் அதன் பருமன் சுமார் 1,700 மடங்காகும். ஆவிக்கு வழியில்லை, மேலே இருப்பது உருகிய ஈயம்; அது முகத்துக்குத்தான் வரும். கடற்கரை மணலில் குழி பறித்து ஊற்றுவது நம் பக்கம் பலரும் செய்யும் வேலை. அதற்கும் இதே கதிதான். இரண்டாகத் திறந்து மூடும் அலுமினிய அச்சை ஒரு முறை காசு கொடுத்து வாங்குங்கள். ஊற்றுவதற்கு முன் அதன் உட்புறத்தில் மெழுகுவத்தியின் கரியைப் பிடித்து, அடுப்பின் ஓரத்தில் வைத்துச் சூடேற்ற வேண்டும். அச்சு குளிர்ந்திருந்தால் குண்டு சுருக்கம் விழுந்து வரும்; முதல் சிலவற்றை மறுபடி பாத்திரத்திலேயே போட்டுவிடலாம். அச்சு அலுமினியமாக இருக்கலாமா என்று கேட்பீர்கள். அது ஈயத்தைத் தாங்கி நிற்கும் கட்டை, அடுப்பின் மேல் தொங்கும் மெல்லிய சட்டி அன்று.

இனி அந்த வாளிக்கு வருவோம். ஐரோப்பிய ஒன்றியம் 2005இல் சக்கர எடைகளில் ஈயத்தைத் தடைசெய்த பிறகு துத்தநாகத்திலும் எஃகிலும் எடைகள் பெருகின. நம் டயர்க் கடை வாளிகளில் இப்போது மூன்றும் கலந்தே கிடக்கின்றன. எஃகு உருகாமல் மேலே மிதக்கும், அள்ளி எறிந்துவிடலாம். தொல்லை துத்தநாகத்தால்தான். அது 419 பாகையில் உருகும். கவனமில்லாமல் சூட்டைக் கூட்டினால் ஈயத்தில் கலந்து, பாத்திரம் முழுவதும் பால் திரிந்தாற்போல் திப்பிதிப்பியாகி, அச்சின் மூலைகளை நிரப்பாது. அப்படிக் கலந்ததை வீட்டில் பிரிக்க வழியில்லை.

ஆகவே அடுப்பைப் பற்றவைப்பதற்கு முன்பே பிரித்துவிட வேண்டும். ஒவ்வொரு துண்டையும் வெட்டுக் குறட்டால் கடித்துப் பாருங்கள்: ஈயம் என்றால் வாய் இறங்கும், துத்தநாகமும் எஃகும் எதிர்த்து நிற்கும். சிலவற்றில் உலோகத்தின் பெயரைக் குறிக்கும் ஆங்கில எழுத்துகள் பொறித்திருக்கும். காந்தத்தை மட்டும் நம்ப வேண்டாம். ஈய எடையின் கொக்கி எஃகு என்பதால் நல்ல ஈயத்தையும் அது இழுக்கும். உருக்கும்போது வெப்பமானி வைத்துக்கொண்டு 380 பாகைக்கு மேல் போகாமல் பார்த்துக்கொண்டால், கண் தப்பிய துத்தநாகத் துண்டும் உருகாமல் மிதந்து வந்துவிடும்.

எல்லாத் துண்டுகளையும் குளிர்ந்த பாத்திரத்தில் போட்டு மொத்தமாகச் சூடேற்றுங்கள். பாதியில் ஒரு பிடி சேர்ப்போம் என்று உருகிய ஈயத்தில் போடாதீர்கள். கொக்கிக்கு அடியில் ஒரு சொட்டு மழைநீர் நின்றிருந்தாலும் மேலே சொன்ன 1,700 மடங்குக் கணக்கு அங்கேயும் வரும். மேலே படியும் கசட்டில் சிறிது மெழுகைப் போட்டுக் கிளறினால் ஆக்சைடின் ஒரு பகுதி உலோகமாகத் திரும்பும், அழுக்கு மேலே ஒதுங்கும். மெழுகுப் புகை தீப்பற்றும். அதை எதிர்பார்த்தே நில்லுங்கள். கண்ணாடி, தோல் கையுறை, முழுக் கால்சட்டை, மூடிய காலணி ஆகியவை கட்டாயம். சப்பாத்துக்குள் கால்சட்டையைச் செருகக் கூடாது, வெளியே விட வேண்டும். தெறித்தது உள்ளே இறங்கினால் கழற்றும் நேரம் வரை அது அங்கேயே இருக்கும்.

பத்து மாவுங் படகு:

பெரியவர் சொன்னதெல்லாம் சரி. ஆனால் அந்தப் பாலத்தடியில் ஈயம் போடுவதே வீண் என்பது என் கருத்து. சிக்கும் என்று தெரிந்த இடத்தில் எதற்கு அழகான குண்டு? துருப்பிடித்த நட்டு, ஓடாத மோட்டார் சைக்கிளின் ஸ்பார்க் பிளக், ஓட்டைக் கல், எது கிடைத்தாலும் அதைக் கட்டித்தான் நாங்கள் இறக்குகிறோம். கொடுவா குண்டைப் பார்த்தா கடிக்கிறது?

ஆய்வகப் பணியாளர்:

சமையற்கட்டு விஷயத்தை நான் எழுதுகிறேன். மருத்துவமனை ஆய்வகத்தில் இரத்தப் பரிசோதனை செய்வது என் தொழில். தூண்டிலைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.

ஈயப் புகையைத்தான் எல்லோரும் அஞ்சுகிறார்கள். 380 பாகையில் ஈயம் மிகக் குறைவாகவே ஆவியாகிறது. அங்கே நீங்கள் பார்க்கும் புகை பெரும்பாலும் எடைகளில் ஒட்டிய எண்ணெயும் மெழுகும்தான். உண்மையான கேடு கண்ணுக்குத் தெரியாத தூளில் இருக்கிறது. மேலே படியும் அந்தச் சாம்பல்நிறக் கசடு ஈய ஆக்சைடு; அதை வழித்து எடுக்கும்போதும், கொட்டும்போதும், பிறகு தரையைத் துடைப்பத்தால் கூட்டும்போதும் மாவுபோல் எழுந்து மேசையிலும் துணியிலும் பாத்திரத்திலும் படிகிறது. பெரியவர்கள் அதைக் கையோடு சோற்றில் சேர்த்துக்கொள்கிறோம். தரையில் தவழ்ந்து, விளையாட்டுப் பொருளை வாயில் வைக்கும் குழந்தை அதை நேரடியாகவே உண்கிறது. உட்கொண்ட ஈயத்தைச் சிறு குழந்தையின் உடல் பெரியவர்களைப்போல் நான்கைந்து மடங்கு உறிஞ்சுகிறது என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது; தீங்கற்ற அளவு என ஒன்று அறியப்படவில்லை என்றும் அதே நிறுவனம் சொல்கிறது. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் குழந்தைகளின் இரத்தத்தில் ஈயம் இதை எட்டினால் கவனிக்க வேண்டும் என்னும் அளவை 2021இல் ஒரு டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராமாகக் குறைத்தது. மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு என்பதை நினைத்துக்கொண்டு உங்கள் வாளியைப் பாருங்கள்.

உடல் ஈயத்தைக் கால்சியம் என்று எண்ணி எலும்பில் சேமித்துவைக்கிறது. இரத்தத்தில் அதன் அளவு ஏறத்தாழ ஒரு மாதத்தில் பாதியாகக் குறையும். எலும்பில் சேர்ந்தது பல்லாண்டுகள் தங்கும். வீட்டில் கருவுற்ற பெண் இருந்தால் அந்தச் சேமிப்பிலிருந்து கருவுக்கும் போகும். வலியோ காய்ச்சலோ இல்லாமல் இவை நடப்பதால்தான், எனக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று பலரும் வாதாடுகிறார்கள். குழந்தைக்கு ஆவது கற்கும் திறனில் குறைவு. அதை எந்தத் தாத்தாவும் கண்ணால் பார்த்து அறிய முடியாது.

மிகையாகச் சொல்வதாகத் தோன்றினால் ஒரு நிகழ்வைக் கேளுங்கள். செனகல் நாட்டின் தக்கார் நகரை ஒட்டிய தியாரோய் சூர் மேர் என்னும் பகுதியில், பேட்டரி உடைத்து ஈயம் எடுத்த மண்ணைப் பெண்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து சலித்து விற்றார்கள். 2007 நவம்பருக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையில் அங்கே 18 குழந்தைகள் இறந்தன. பேட்டரி ஈயத்தைத் தொட வேண்டாம் என்று பட்டறை ஐயா சொன்னதன் பொருள் இதுதான்.

எனவே என் கருத்து தெளிவானது: பேரன் இருக்கும் வீட்டில், பின்புறமாக இருந்தாலும், உருக்க வேண்டாம். வேறிடத்தில், கூரை மட்டும் உள்ள திறந்த கொட்டகையில், காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வீசும்படி நின்று செய்யலாம். துணி முகமூடியும் மருத்துவமனை முகமூடியும் இந்தத் தூளைத் தடுக்கா. வடிகட்டி பொருத்திய பி100 வகை முகக்கவசம் வேண்டும். அங்கே தின்பதும் குடிப்பதும் வெற்றிலை போடுவதும் சிகரெட் பிடிப்பதும் கூடாது. வேலை முடிந்ததும் உடையை அங்கேயே மாற்றி, வீட்டுத் துணிகளோடு சேர்க்காமல் தனியே துவைக்க வேண்டும். துடைப்பம் வேண்டாம், ஈரத்துணியால் துடைத்து அந்தத் துணியையும் கசட்டோடு போட்டுவிடுங்கள்.

தூண்டில்காரர்களிடம் நான் பார்த்திருக்கும் இன்னொரு பழக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். பிளவுபட்ட சிறு ஈய மணிகளைத் தூண்டில் நரம்பில் பல்லால் கடித்து இறுக்குகிறார்கள். இடுக்கி எதற்கு இருக்கிறது? அந்தக் கையாலேயே பிறகு ரொட்டி சானாய் பிய்த்துத் தின்கிறார்கள்.

ஜெலுத்தோங் தூண்டில்காரர்:

இருவருக்கும் மிக்க நன்றி. சமையற்கட்டு எண்ணத்தைக் கைவிட்டேன். பாலிக் பூலாவில் என் நண்பரின் டுரியான் தோட்டத்தில் நாலாபுறமும் திறந்த கொட்டகை ஒன்று இருக்கிறது. அங்கே குழந்தைகள் யாரும் இல்லை, அவரும் சம்மதிக்கிறார்.

இன்னும் சில ஐயங்கள். பழைய கிளினிக் ஒன்றை இடித்தபோது எக்ஸ்ரே அறையின் சுவரிலிருந்து எடுத்த ஈயத் தகடுகள் ஒருவரிடம் விலைக்கு இருக்கின்றன. கதிர்வீச்சு ஏறியிருக்குமோ என்று மனைவி அஞ்சுகிறாள். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒருவர் சால்டர் (மின்பாகங்களைப் பற்றவைக்கும் உலோகக் கலவை) கசடு கொண்டுவந்து தருவதாகச் சொல்கிறார். மேலும், வார்த்தவுடன் தண்ணீரில் போட்டால் ஈயம் கடினமாகும் என்று ஒரு காணொளியில் பார்த்தேன். நமக்கு அது தேவையா?

பட்டர்வொர்த் பட்டறை:

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். ஈயம் வார்ப்பது பற்றி இணையத்தில் தேடினால் வருவதில் பெரும்பகுதி அமெரிக்கத் துப்பாக்கிக்காரர்கள் தோட்டா வார்ப்பது பற்றியதுதான். அங்கே அது பொழுதுபோக்கு. இங்கே 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் தோட்டா செய்வது கடுங்குற்றம். அச்சு வாங்கும்போதும் தூண்டில் குண்டுக்கான அச்சா என்று பார்த்து வாங்குங்கள். மலிவு விலை விளம்பரத்தைப் பார்த்துத் தோட்டா அச்சைத் தருவித்துவிட்டு, பிறகு சுங்கத்துறைக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம்.

குழலுக்குள் ஈயம் ஒட்டாமல் இருக்க வேண்டும் என்பதால் அவர்கள் கடினத்தைத் தேடி ஆண்டிமனியின் விகிதத்தைக் கணக்கிடுகிறார்கள், சூட்டோடு நீரில் போடுகிறார்கள். கடலடியில் கிடக்கும் குண்டுக்கு அந்தக் கவலை எதற்கு? கொக்கி வைத்த சக்கர எடைகளில் சிறிது ஆண்டிமனி ஏற்கெனவே இருக்கிறது, தரைக் குண்டுக்கு அதுவே போதும். பசை ஒட்டிய பட்டை எடைகள் ஏறக்குறையத் தூய ஈயம். நரம்பில் நசுக்கிப் பொருத்தும் மணிகளுக்கு அந்த மென்மைதான் வேண்டும் என்பதால் அவற்றைத் தனியே வையுங்கள். உருகிய ஈயம் இருக்கும் இடத்துக்குத் தண்ணீர் வாளியைக் கொண்டுவரவே வேண்டாம்.

எக்ஸ்ரே அறைத் தகட்டில் கதிர்வீச்சு ஏறாது. எக்ஸ்ரே இயந்திரம் மின்சாரத்தில் இயங்குவது. நிறுத்தினால் கதிரும் நின்றுவிடும். தகடு நல்ல மென் ஈயம், வாங்கலாம். பழைய பெயிண்ட் ஒட்டியிருந்தால் மட்டும் கழித்துவிடுங்கள். ஆனால் பழைய இரும்புக் கடையில் தடித்த ஈயப் பெட்டியையோ குடுவையையோ கண்டால், அதுவும் மூவிதழ்க் கதிர்வீச்சுக் குறி இருந்தால், கிட்டவே போகாதீர்கள். 2000ஆம் ஆண்டில் தாய்லாந்தின் சமுத் பிரகானில், கைவிடப்பட்ட சிகிச்சைக் கருவியின் தலைப்பகுதியைப் பழைய உலோகம் என்று பிரித்தார்கள். உள்ளே கோபால்ட் 60 இருந்தது. மூவர் இறந்தனர்.

சால்டர் கசடு வேண்டாம். சால்டர் நல்ல பொருள்தான். வெள்ளீயம் சிறிது சேர்ந்தால் அச்சு அழகாக நிரம்பும். ஆனால் தொழிற்சாலையிலிருந்து வருவது கசடு, அதாவது ஆக்சைடுத் தூள். ஆய்வக அம்மா அஞ்சும் பொருள் அதுவேதான். ஈயக் கசடும் அட்டவணைக் கழிவு. உரிமம் பெற்றவரிடம்தான் ஆலை அதை ஒப்படைக்க வேண்டும். உங்கள் நண்பர் பையில் போட்டு வாசலைத் தாண்டினால் வேலை போகும்.

செந்தூல் வாசகர்:

கோலாலம்பூரிலிருந்து எழுதுகிறேன். நான் அடுக்குமாடி வீட்டில் பத்தாவது மாடியில் இருக்கிறேன். மின்சாரத்தில் இயங்கும் சிறு உருக்குப் பாத்திரம் ஒன்றை வாங்கிப் பால்கனியில் வைத்துச் செய்யலாமா? புகையே வராது என்று விற்பவர் சொல்கிறார்.

ஆய்வகப் பணியாளர்:

கூடாது. புகை வராமல் இருக்கலாம், தூள் வரும். உங்கள் பால்கனியின் காற்று பக்கத்து வீட்டின் துணிக்கொடிக்கும் கீழ் வீட்டின் தொட்டிலுக்கும் போகிறது.

ஜெலுத்தோங் ஐயாவுக்கு: தொடங்குவதற்கு முன் ஒரு முறையும், சில மாதம் கழித்து ஒரு முறையும் உங்கள் இரத்தத்தில் ஈய அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள். வழக்கமான முழுப் பரிசோதனைத் தொகுப்பில் இது இருக்காது, தனியே கேட்டு எழுதச் சொல்ல வேண்டும். கையின் இரத்தக்குழாயிலிருந்து ஊசியால் எடுத்த இரத்தமாக இருப்பது நல்லது, விரல் நுனியில் குத்தி எடுத்தால் தோலில் ஒட்டிய தூளே கணக்கைக் கெடுத்துவிடும். கசட்டை இறுக மூடும் இரும்பு டப்பாவில் சேர்த்து வையுங்கள். தோட்டத்து மண்ணிலோ சாக்கடையிலோ கொட்டாதீர்கள். அங்கே விழும் டுரியானைத் தரையிலிருந்துதான் பொறுக்குகிறார்கள்.

பத்து மாவுங் படகு:

இவ்வளவும் படித்த பிறகு என் நட்டுக்கு இன்னும் கொஞ்சம் மதிப்புக் கூடிவிட்டது. கணக்காகவே சொல்கிறேன். ஈயத்தின் அடர்த்தி 11.3, இரும்பின் அடர்த்தி 7.9. 100 கிராம் ஈயக் குண்டு 9 கன சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அதே எடை இரும்பு 13க்குச் சற்றுக் குறைவு. பருமன் கூடுவதால் நீரோட்டம் அதை அதிகமாகத் தள்ளும் என்பதை மறுக்கவில்லை. பெருநீர் ஓடும் நாளில் ஈயம்தான் நிற்கும். மற்ற நாள்களில் எடையைக் கொஞ்சம் கூட்டினால் இரும்பே போதும்.

பிரிட்டனில் 1987இலிருந்து 28.35 கிராம் வரையிலான ஈயக் குண்டுகளுக்குத் தடை. அன்னங்கள் இரையை அரைக்கக் கூழாங்கல் விழுங்கும்போது ஈய மணிகளையும் சேர்த்து விழுங்கிச் செத்ததால் வந்த சட்டம் அது. நம் கடலில் அன்னம் இல்லை, நாம் போடுவதும் பெருங்குண்டு. ஆனால் சதுப்புநிலக் கரையில் நின்று சிறு மணிகளைக் கட்டி வீசுகிறவர்கள் இதை யோசிக்கலாம். கொக்கும் உள்ளானும் இரை பொறுக்கும் சேறு அது.

ஈயமோ நட்டோ, எதைக் கட்டினாலும் முதன்மை நரம்பில் நேராகக் கட்டாதீர்கள். முதன்மை நரம்பு 40 பவுண்டு என்றால், குண்டுக்கு மட்டும் 15 பவுண்டு நரம்பில் ஒரு சாண் நீளக் கிளை விடுங்கள். சிக்கினால் அந்தக் கிளை மட்டும் அறும்; தூண்டிலும் மீனும் மேலே வரும். இழக்கும் குண்டின் எண்ணிக்கை குறையாது, ஆனால் முள்ளும் திருகு வளையமும் மிஞ்சும். குண்டைவிட அவைதானே விலை கூடியவை? வரும் ஞாயிறு விடியற்காலை ஆறு மணிக்குப் படகுத்துறைக்கு வாருங்கள் ஐயா, கட்டும் முறையைக் காட்டுகிறேன். நட்டு என்னிடம் நிறைய இருக்கிறது.